பாலைத்தாழ்வுக்கு அனுப்பாத ரயில்

இப்படியான நினைவு மலர்களில் காலமானவரின் ஊரை நீர்வளமும் நிலவளமும் நிறைந்தது என்று எழுதித் தொடங்குவது வழக்கம். அண்ணா பிறந்த தீவில் கிணற்று நீர் உவர், நிலம் சுண்ணாம்புக்கல். கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ரயில் இல்லை. ரயில் வர முடியாத தீவிலிருந்து போய் நிலைய அதிபரானவர் எங்கள் பரம்பரையில் அவர் ஒருவரே. இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் மூத்தவர்களுக்கு இது தெரியும். இளையவர்களுக்கு அவர் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில், பின்னேரங்களில் எவருடனும் கதைக்காத ஒரு பெரியவராகவே தெரிந்திருப்பார். அவர் ஏன் பின்னேரங்களில் கதைக்கவில்லை என்பதை எழுதிவைக்கும்படி அவருடைய ஒரே மகள், என் மருமகள், கேட்டாள். நான் அரசாங்க அலுவலகங்களில் மற்றவர்களுடைய கோவைகளை முடித்துவைத்து ஓய்வு பெற்றவள். அண்ணாவின் கோவையையும் நானே முடிக்கவேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

அண்ணா எங்கள் வீட்டில் மூத்தவர். நாங்கள் சிறுவயதாக இருக்கும்போதே அப்பா காலமானார். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் அண்ணா போகவில்லை. புகையிரதத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார், தெரிவானார். அதன்பிறகு அக்காமாரின் கலியாணமும் என் படிப்பும் அவருடைய சீருடைச் சட்டைப்பையிலிருந்தே நடந்தன. இதற்காக அவர் நன்றி எதிர்பார்க்கவில்லை என்று எழுதவேண்டும். எதிர்பார்த்தார், சொல்லவில்லை, அவ்வளவுதான். பொய் பேசாதவர் என்றும் எழுதுவது முறை. அவருடைய மனைவியான என் மச்சாளின் சமையலைப் பற்றி அவர் கடைசிவரை பொய்யே சொன்னார். வேறு எதிலும் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

பல இடங்களில் கடமையாற்றியபின் அவர் வன்னியில் நொச்சிக்கடவை நிலையத்துக்கு மாற்றப்பட்டார். வழக்கமாக ஊருக்காக நிலையம் கட்டுவார்கள். இங்கே ஊரே இல்லாத காட்டுக்குள் வெள்ளைக்காரர் நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். நிலக்கரி இயந்திரங்களுக்குத் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் குளம் இருந்தது, அதுதான் காரணம். பிறகு ரயிலை நம்பிச் சில குடும்பங்கள் வந்து குடியேறின. பாதை போட வந்து காய்ச்சலில் செத்த கூலியாட்களைச் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்துப் புல்லை மாடு தொடாது. டீசல் இயந்திரங்கள் வந்ததும் தண்ணீர் தேவைப்படவில்லை. தண்ணீர்த் தாங்கி துருப்பிடித்தது. நிலையம் மட்டும் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருந்தது.

விடுமுறைகளில் நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். நீண்ட மேடை, இரண்டு அறைகள், சுற்றிலும் பாலை மரமும் வீரை மரமும். மத்தியானத்தில் காகமும் கத்தாது. மேடையின் தெற்கு முனையில் நின்று மெல்லக் கதைத்தால் வடக்கு முனையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. அது கூரையின் வளைவினால் வருவது என்று அண்ணா எனக்கு விளக்கினார். கூரை மேடையின் பாதி வரைதான் இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவர் மூத்தவர்.

இனி ஒரு தொழில் விடயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் ஓடலாம். அதைக் காப்பது கைக்கு அடக்கமான ஒரு பித்தளை வில்லை. இரு நிலையங்களிலும் வில்லைகளைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டி ஒன்று இருக்கும். இரு பெட்டிகளையும் ஒரு கம்பி இணைக்கும். இங்கிருப்பவர் மணி தட்டி அனுப்பலாமா என்று கேட்கவேண்டும். அங்கிருப்பவர் மணியாலேயே சம்மதம் சொல்லி, தன் பெட்டியின் குமிழை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே வில்லை வெளியே வரும். சாரதி அதைக் கையில் வாங்காமல் ரயிலை எடுக்கமாட்டார். அடுத்த நிலையம் போய்ச் சேர்ந்ததும் வில்லை அங்குள்ள பெட்டிக்குள் போகும். அது உள்ளே போகும்வரை இடையில் ஒரு ரயில் நிற்கிறது என்பது விதி. கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி.

நொச்சிக்கடவைக்கு வடக்கே அடுத்த நிலையம் பாலைத்தாழ்வு. அங்கே நிலைய அதிபராக இருந்தவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கிறிஸ்டி அவர்கள். இருவரும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் மணியாலேயே கதைத்துக்கொண்டவர்கள். கிறிஸ்டி தட்டுகிற வேகத்தில் அவருக்கு அன்று குளிசை போட்ட தலையிடியா, வீட்டுக்குப் போக லீவு கிடைத்திருக்கிறதா என்று அண்ணா சொல்லிவிடுவார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரித் தட்டுவார் என்பது அண்ணாவின் விமர்சனம். இந்தப் பழக்கம் ரயில்வேக்காரர் எல்லோருக்கும் உண்டு. யார் கை என்று கேட்டுத்தான் நம்புவார்கள். ஆனால் எந்த விதிப்புத்தகத்திலும் கை என்று ஒரு சொல் கிடையாது.

சண்டையில் பாதை அறுந்த அந்த நாளைப் பற்றி அண்ணா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னார். தொலைபேசி முதல் நாளே செத்துப்போயிருந்தது. தெற்கேயிருந்து பின்னேர ரயில் வந்து நின்றது. ஊருக்குத் திரும்பும் சனம் பெட்டிகளுக்குள்ளும் படிகளிலும் நெருங்கி நின்றது. அண்ணா பாலைத்தாழ்வுக்கு மணி தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பதில் வந்தது. எண்ணிக்கை சரி, ஒழுங்கு சரி. குமிழும் அழுத்தப்பட்டது. வில்லை வெளியே வந்தது. ஆனால் அந்தத் தட்டு மெதுவாக இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் யோசித்தது. முதலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிப்பது போல் இருந்தது என்றார் அண்ணா.

அவர் வில்லையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். சாரதி கையை நீட்டினார். அண்ணா கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லைன் கிளியர் இருக்கோ இல்லையோ, மாஸ்டர்?”

“இருக்கு.”

“அப்ப தாங்கோவன்.”

“தரமாட்டன். தட்டினது கிறிஸ்டியின்ர கை இல்லை.”

சாரதி அவரைப் பார்த்தார். பிறகு வடக்கே பாதையைப் பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ரயில் தெற்கே திருப்பி அனுப்பப்பட்டது. பெட்டிகளிலிருந்த சனம் அண்ணாவைத் தாயையும் சகோதரியையும் சேர்த்து ஏசியது. இரண்டொரு கல்லும் வந்தது. ரயில் போனபின் அவர் வில்லையைத் திரும்பப் பெட்டிக்குள் போட முயன்றிருக்கிறார். அதற்கும் மறுபக்கத்தில் ஒருவர் குமிழை அழுத்தவேண்டும். மணி தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். கம்பி உயிரோடுதான் இருந்தது. அங்கே எவரோ கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது போலிருந்தது என்றார். பொழுது சாய, ஊர்க் குடும்பங்களெல்லாம் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டன. பொறுப்பேற்க ஆள் வராமல் நிலைய அதிபர் நிலையத்தை விட்டுப் போகக்கூடாது. ஆள் வரவில்லை. அண்ணா அறையைப் பூட்டி, திறப்பையும் வில்லையையும் எடுத்துக்கொண்டு சனத்தோடு நடந்தார்.

பின்னர் கொழும்பில் கிறிஸ்டியைச் சந்தித்தபோதுதான், அவரும் அவருடைய ஆட்களும் மேலிடத்து உத்தரவுப்படி முதல் நாளே பாலைத்தாழ்வை விட்டு வெளியேறியது அண்ணாவுக்குத் தெரியவந்தது. அறையைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். தகவல் சொல்லத் தொலைபேசி இல்லை.

விசாரணை நடந்தது. அனுமதி கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றார். வில்லை வெளியே வந்ததா? வந்தது. அப்படியானால் ஏன் ரயிலை அனுப்பவில்லை? கை சரியில்லை என்றார். அந்தப் பதிலை எழுத அவர்களிடம் நிரல் இருக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து முடித்தார்கள். வில்லையை ஒப்படைக்க அவர் கொண்டுபோனபோது எவரும் வாங்கவில்லை. இரு நிலையங்களின் உபகரணங்களும் அழிந்ததாக ஏற்கெனவே பதியப்பட்டிருந்தன. அழிந்த பொருளைப் பொறுப்பேற்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் நிலையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உறவினரிடையே இரண்டு கதைகள் உலாவின என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணா ஒரு ரயில் நிறைந்த சனத்தைக் காப்பாற்றினார் என்பது ஒன்று. பாலைத்தாழ்வு மேடையில் ரயிலுக்காக நின்ற சனத்தைக் கைவிட்டார் என்பது மற்றது. குண்டு விழுந்து பாதை எந்த நேரத்தில் உடைந்தது, அந்த ரயிலின் நேரத்துக்கு முன்னா பின்னா என்று திட்டமாகச் சொல்ல எவரும் இல்லை. ஆகவே இரண்டு கதைகளும் கலியாண வீடுகளில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டன. அண்ணா நம்பியது இரண்டாவதை. மேடையில் நின்ற யாரோ ஒருவர், பல நாள் ஜன்னலால் பார்த்துப் பழகியவர், ஆளில்லாத அறைக்குள் போய்த் தன்னால் இயன்றவரை தட்டி ரயிலைக் கூப்பிட்டிருக்கிறார். தான் அதற்குப் பதிலாக ரயிலைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதுதான் அவர் தனக்குத்தானே நடத்திய விசாரணையின் முடிவு. மேல்முறையீட்டுக்கு இடம் வைக்கவில்லை.

வெள்ளவத்தை லொட்ஜுகளில் வன்னிச் சனம் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்த காலத்தில், காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஒவ்வொரு லொட்ஜாகப் போய், பாலைத்தாழ்வு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டு வருவார். பக்கத்து ஊர் ஆட்கள் இருப்பார்கள். பாலைத்தாழ்வு ஆள் ஒருவரும் கிடைத்ததில்லை. வீட்டின் கீழே கரையோரப் பாதையில் எந்நேரமும் ரயில் ஓடும். அதை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். இரட்டைப் பாதை; யாரும் யாரையும் கேட்டுப் போகத் தேவையில்லை என்பார். ஆனால் பின்னேரத்தில், அந்தப் பழைய ரயிலின் நேரம் வந்தால், அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அலுமாரிக்குள், வேட்டிகளுக்கு நடுவில் வில்லை இருந்தது.

மச்சாள் உயிரோடு இருந்தபோது, அந்த நேரத்தில் ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறது, தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று சொல்லுவார். குழாய் திருத்துகிறவர் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார். அந்தச் சுவருக்குள் குழாயே போகவில்லை. மச்சாள் காலமானபின் நான் அண்ணாவுடன் வந்து இருந்தேன். ஒரு பின்னேரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தனியே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது. மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் யோசித்து. நான் அலுமாரியைத் திறந்தேன். வேட்டிகள் வெயில் பட்ட அறையின் சூட்டோடு இருந்தன. வில்லை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தது போல் குளிர்ந்திருந்தது. உலோகம் குளிர்ந்திருப்பது இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அதன்பிறகு அந்த நேரத்தில் நான் சந்தைக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

இதற்கிடையில் நொச்சிக்கடவை என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும். தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர் கட்டப் போயின. நிலைய அறைகளில் கொஞ்சக் காலம் பள்ளிக்கூடம் நடந்தது. பிறகு காயப்பட்டவர்களைக் கிடத்தினார்கள். பிறகு சீருடைக்காரர் இருந்தார்கள். பிறகு வௌவால்கள். சண்டை முடிந்து புதுப் பாதை போட்டபோது பழைய வளைவை நேராக்கினார்கள். நிலையம் பாதையிலிருந்து விலகிக் காட்டுக்குள் தனித்துப்போனது. அதை இடிக்கவும் இல்லை. இடிப்பதென்றால் முதலில் அந்த நிலையம் மூடப்பட்டிருக்கவேண்டும். அது மூடப்பட்டதாக அறிவித்தல் எதுவும் கிடையாது. சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தால் அங்கே கடமையில் ஒரு நிலைய அதிபர் இருந்தார். அவர் வெள்ளவத்தையில் அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வைத்தியர் இனிச் செய்ய அதிகம் இல்லை என்று சொன்ன வாரத்தில் அண்ணா என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, எனக்கு ரிலீவ் வேணும்.”

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. பொறுப்பை ஒப்படைக்காமல் சாக அவர் விரும்பவில்லை. எனக்குத் தெரிந்த வழிகளில் முயன்றேன். புகையிரதத் திணைக்களத்துக்கு எழுதினேன், அப்படி ஒரு பொருள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. அரும்பொருட்காட்சி நடத்தும் ஒருவர் அன்பளிப்பாக வாங்கத் தயார் என்றார். அன்பளிப்பும் ஒப்படைப்பும் ஒன்றல்ல என்பதை அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கடைசியில் ஹெந்தளையில் இருக்கும் கிறிஸ்டி அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுநாளே, பஸ்ஸில் நசிந்த ஒரு கேக் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

“என்ன மச்சான், இன்னும் ஸ்டேஷன் மாஸ்டராத்தான் இருக்கிறியா? நான் பென்ஷன் எடுத்து, பல்லும் கட்டிட்டேன். இங்க குடு. பாலைத்தாழ்வுக்கு நான்தானே மாஸ்டர். வாங்கிட்டேன்னு சைன் பண்றேன், விஷயம் முடிஞ்சிது.”

அண்ணா கேக்கை வாங்கினார். வில்லையைக் கொடுக்கவில்லை.

“நீ அந்த நேரம் டியூட்டியில இல்லை, கிறிஸ்டி. அனுமதி தந்தது நீ இல்லை. உன்னட்டை எப்பிடித் தாறது?”

கிறிஸ்டி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அப்ப அங்கதான் போகணும்” என்றார். மருமகள் வைத்தியரைச் சொல்லி மறித்தாள், பிறகு அழுதாள், பிறகு மருந்துகளைப் பையில் அடுக்கித் தந்தாள். “மாமி, அப்பாவை உயிரோட கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள். ஓம் என்றேன். நான் எழுத்தில் கொடுக்காத வாக்கு அது ஒன்றுதான்.

கோட்டை நிலையத்திலிருந்து காலை ரயிலில் போனோம். கிறிஸ்டி வழி நெடுக ஒவ்வொரு நிலையத்திலும் சாயம் பூசியிருக்கும் விதத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு, மடியில் துணிப்பையில் வில்லையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இறங்கி, வாடகைக்கு ஒரு வான் பிடித்து, காட்டுப் பாதையில் போனோம். ஓரிடத்தில் முன்னால் சைக்கிளில் போன ஒரு பெண் இறங்கி, வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்து, பிறகு உருட்டிக்கொண்டு கடந்தாள். அங்கே தண்டவாளம் இல்லை. புல் மூடிய ஒரு மேடு மட்டும் காட்டுக்குள் போனது. வான் சாரதியும் நிறுத்தி, இரு பக்கமும் பார்த்துவிட்டே ஏற்றினார். ஏன் என்று கேட்டேன். இங்க எல்லாரும் அப்பிடித்தானம்மா என்றார்.

நிலையம் நின்றது. கூரை ஓடுகள் போய், யாரோ ஒரு பக்கத்துக்குத் தகரம் போட்டிருந்தார்கள். பெயர்ப்பலகையில் நொச்சி என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. கிறிஸ்டியும் வான் சாரதியும் அண்ணாவை, வானில் கொண்டுபோன கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மத்தியானம் தாண்டியிருந்தது. காகம் கத்தவில்லை. வான் வந்த சத்தத்துக்கு ஒருவர் மாடுகளை விட்டுவிட்டு வந்தார். தோளில் துவாய், என் வயதுதான் இருக்கும். பெயர் சின்னராசா என்றார். கொழும்பிலிருந்து காணி பார்க்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்திருந்தார். அண்ணா வழக்கம்போலக் கேட்டார், எந்த ஊர் என்று.

“பாலைத்தாழ்வு ஐயா. இப்ப அங்க காடுதான். சண்டை முடிஞ்சு திரும்ப விடேக்க எங்களை இஞ்சதான் இருத்தினவை.”

லொட்ஜ் லொட்ஜாகத் தேடிய ஆள், துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நின்றார். அண்ணா கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கேட்டார்.

“கடைசியா ரயில் வராமல் விட்ட அண்டைக்கு, நீங்கள் அங்க நிண்டனீங்களோ?”

“நிண்டனாங்கள். ஊர் முழுக்க மூட்டை முடிச்சோட பிளட்போமிலதான்.”

கிறிஸ்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பிறகு?”

“மணி அடிச்சுது ஐயா. மாஸ்டர் ஆக்கள் முதல் நாளே போயிட்டினம். கதவு திறந்து கிடந்தது. மணி கேக்க, ரயில் வருது எண்டு சனம் எழும்பிச்சுது. நான்தான் உள்ளுக்க எட்டிப் பாத்தனான்.”

“உள்ள ஆர் நிண்டது?”

சின்னராசா மாடுகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“ஒருத்தரும் இல்லை. பெட்டியில இருந்த குமிழ் மட்டும் உள்ள போய்ப் போய் வந்தது. ஆரோ விரல் வைச்சு அமத்திற மாதிரி. ஆறுதலா, மெதுவா. நான் கத்திப்போட்டன். பிறகு சனம் ரயிலைப் பாத்து நிக்கேல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்க இறங்கிட்டுது. நாங்கள் கனதூரம் போகேல்லை, பின்னால குண்டுச் சத்தம் கேட்டுது. அண்டைக்குப் பிறகு அந்த ஸ்டேசனுக்குக் கூரை இல்லை, பாதையும் இல்லை.”

“அப்ப பிளட்போமில?”

“ஒரு நாயும் நிக்கேல்லை ஐயா. அந்த மணிக்குப் பயந்து ஓடினதாலதான் நாங்கள் இருக்கிறம்.”

அண்ணா தலையை அசைத்தார். ஒரு விண்ணப்பத்தில் கடைசி இணைப்பும் சரியாக இருப்பதைக் கண்ட உத்தியோகத்தர் அப்படித்தான் தலையசைப்பார். பிறகு தன்னை எழுப்பிவிடும்படி சொன்னார்.

அவருடைய அறையில் வௌவால் எச்சமும் பள்ளிக்கூடக் காலத்துக் கரும்பலகைத் துண்டும் கிடந்தன. வில்லைப் பெட்டி இருந்த சுவரில் நான்கு ஆணித் துளைகளும், கம்பி வந்த இடத்தில் ஒரு நீண்ட பிளவும் இருந்தன. அண்ணா எங்கள் கைகளை விலக்கிவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். வில்லையின் விளிம்பால் சுவரில் தட்டினார். ரத்து செய்கிறேன், திருப்பி எடுத்துக்கொள்ளவும் என்பதற்கான தட்டு அது என்று கிறிஸ்டி பிறகு சொன்னார். தட்டிவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் நின்றோம்.

பதில் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் யோசித்து.

வெயிலில் தகரம் முறுகினால் சத்தம் வரும். அந்தக் காட்டில் மரங்கொத்தியும் உண்டு. இரண்டையும் இங்கே பதிந்துவைக்கிறேன். ஆனால் கிறிஸ்டி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற சின்னராசா துவாயை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணா மட்டும் திரும்பிப் பார்க்காமல், “அதே கைதான்” என்றார். பிறகு வில்லையை அந்தப் பிளவுக்குள் விட்டார்.

அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு கல் அகலமான சுவர் அது, கீழே மண். கிறிஸ்டி வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். காலால் புல்லைக் கிளறினார். நானும் பார்த்தேன். சுவரின் அந்தப் பக்கம் பிளவே இல்லை.

“சரி மச்சான்” என்றார் கிறிஸ்டி, உள்ளே திரும்பி வந்து. அவருடைய கட்டுப்பல் மெல்ல அடித்துக்கொண்டது. “லைன் கிளியர். இனி நீயும் பென்ஷன்காரன்தான். வா, இருட்ட முதல் போவம்.”

திரும்பும்போது அந்தப் புல் மேட்டில் வான் மெதுவானது. எனக்குத் தெரியாமலே வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்தேன். அண்ணா பார்க்கவில்லை. அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மருமகளுக்குக் கொடுத்த வாக்கின்படி அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தோம். அதன்பின் அவர் இருந்த கொஞ்ச நாட்களும் பின்னேரங்களில் கதைத்தார். நிறையக் கதைத்தார். அக்காமாரின் சீதனப் பேச்சு, மச்சாளைப் பெண் பார்க்கப் போன கதை, கிறிஸ்டியின் கேக்கில் சீனி கூடிவிட்டது என்ற முறைப்பாடு. கரையோர ரயில்கள் போகும்போது ஜன்னலால் எட்டியும் பார்த்தார். ஒரு பின்னேரம் அந்தப் பழைய ரயிலின் நேரத்தில் நித்திரையானார், எழும்பவில்லை. மருமகளும் நானும் பக்கத்தில் இருந்தோம். அலுமாரி சும்மா இருந்தது.

இனி நன்றி சொல்லவேண்டியவர்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படிகளில் அண்ணாவை முகம் சுளிக்காமல் தூக்கி இறக்கிய அயலவர்களுக்கும், கிருலப்பனையிலிருந்து அழைத்த நேரமெல்லாம் வந்து பார்த்த வைத்தியருக்கும், இறுதிக் கிரியைகளை முறைப்படி நடத்தித் தந்த குருக்களுக்கும், சடங்கு முடியும்வரை சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், வேறு மதத்தவராக இருந்தும் எங்களோடு ஒரு சகோதரராக நின்ற கிறிஸ்டி அவர்களுக்கும், மாடுகளை விட்டுவிட்டு வந்து உண்மையைச் சொன்ன சின்னராசா அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

பாலைத்தாழ்வு நிலையத்தில் அன்று கடமையில் இருந்தவருக்கும் நன்றி. பெயரும் பதவியும் தெரியாதபடியால் உரிய முறையில் விலாசமிட முடியவில்லை. ஒரு ரயில் சனமும் ஒரு மேடைச் சனமும் உங்களால் இருக்கின்றன. வில்லை வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். தயவுசெய்து மறுமொழி அனுப்பவேண்டாம்.

தங்கை